அளவுக்கு மீறிய சில்லும் கியர்பொக்ஸின் ஆயுளும்: பூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் தன் காருக்குப் பெரிய அலோய் சில்லும் அகன்ற ரயரும் பூட்டிக்கொண்ட ஒருவர், அதனால் கியர்பொக்ஸுக்கு நேரும் கேட்டை உள்ளூரில் ஓடும்வரை உணராமலே இருக்கலாம். குடாநாட்டில் ஏற்றமென்று சொல்லத்தக்க வீதி கிடையாது. பாலங்களின் ஏறுமுகங்களையும் வடமராட்சி கிழக்கின் மணல் வழிகளையும் விட்டால், எஞ்சின் திணறும் இடமே இல்லை. அதே கார் ஐந்து பேரையும் அவர்களின் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் தெற்கே சென்று, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைப் பக்கமாகக் கண்டியை அடைந்து, அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாகக் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் கிளச் கருகும் மணமும், கியர்பொக்ஸ் சூடேறியதற்கான எச்சரிக்கை விளக்கும், இழுவை போதாத தடுமாற்றமும் வெளிப்படும். தேய்மானம் உள்ளூரிலேயே தொடங்கிவிட்டிருக்கும். மலை அதைக் காட்டிக்கொடுக்கும்.

2020 இல் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 இல் தளர்த்தப்பட்ட பிறகும், எங்கள் வீதிகளில் ஓடுபவற்றில் மிகப் பல, ஆண்டுகள் பல கண்ட ஜப்பானியக் கார்களே. அவற்றின் கியர்பொக்ஸ் பழுதானால், பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேறொரு வாகனத்திலிருந்து கழற்றப்பட்ட பொக்ஸ் ஒன்றைத் தேடி, அதன் உள்நிலை தெரியாமலே வாங்கிப் பூட்ட வேண்டிய நிலைதான் பெரும்பாலும் ஏற்படும். ஆகவே சில்லை மாற்ற முன்னர் ஒரு மாலைப்பொழுதைக் கணக்குக்கும் அளவுக்கும் ஒதுக்குவது வீண் வேலையாகாது. பெரிய சில்லே கூடாது என்பது என் கருத்தன்று. எதுவரை போகலாம், அதை எப்படி அறிந்துகொள்வது, எந்தக் கியர்பொக்ஸுக்கு எது ஆகாது என்பவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வெளி விட்டத்தைக் கணியுங்கள்

ரயர் கடையில் பேச்சு பெரும்பாலும் றிம்மின் அங்குலத்திலேயே தொடங்கும். 15 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்குப் போகலாமா என்று கேட்பார்கள். கியர்பொக்ஸைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் எதுவுமில்லை. தரையைத் தொடும் ரயரின் வெளி விட்டமும், சில்லும் ரயரும் சேர்ந்த எடையும், அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுமே அதைப் பாதிப்பவை.

ரயரின் பக்கத்தில் 195/65ஆர்15 என்று பொறிக்கப்பட்டிருந்தால், முதல் எண் மில்லிமீற்றரில் அதன் அகலம். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் அங்குலத்தில் றிம்மின் விட்டம். 195 ஐ 0.65 ஆல் பெருக்கினால் 126.75 மில்லிமீற்றர் வரும். பக்கச்சுவர் மேலும் கீழும் இருப்பதால் அதன் இருமடங்கு 253.5. 15 அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கினால் 381. இரண்டையும் கூட்டினால் வெளி விட்டம் 634.5 மில்லிமீற்றர் ஆகும்.

இது ரொயோட்டா பிறியஸ் கார்களில் காணப்படும் அளவுகளில் ஒன்று. அதே பிறியஸ் கார் 17 அங்குல றிம்முடன் வரும்போது ரொயோட்டா நிறுவனம் பூட்டி அனுப்புவது 215/45ஆர்17; அதன் வெளி விட்டம் 625.3 மில்லிமீற்றர். றிம் இரண்டு அங்குலம் கூடியிருக்க, ரயரின் வெளி விட்டமோ ஏறத்தாழ 1.4 சதவீதம் குறைந்திருக்கிறது. சுசுகி வகன் ஆர் காரில் சாதாரண வகைக்கு 155/65ஆர்14, அதன் ஸ்ரிங்றே வகைக்கு 165/55ஆர்15, முன்னையது 557.1, பின்னையது 562.5 மில்லிமீற்றர், அதாவது ஒரு சதவீத வேறுபாடு. றிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவரைக் குறைத்து வெளி விட்டத்தை முன்பிருந்த இடத்திலேயே வைத்திருப்பதுதான் தயாரிப்பாளர்கள் கைக்கொள்ளும் முறை. நாமும் அதையே பின்பற்ற வேண்டும்.

பிழை பெரும்பாலும் நேர்வது, கடையில் கைக்கு எட்டிய அளவை எடுக்கும்போதுதான். 175/65ஆர்15 ரயருடன் வரும் ரொயோட்டா அக்ஸியோ கார் ஒன்றின் வெளி விட்டம் 608.5 மில்லிமீற்றர். அதற்கு 16 அங்குல றிம் வாங்கிய ஒருவர், பரவலாகக் கிடைக்கும் அளவு என்பதற்காக 205/55ஆர்16 ரயரைப் போட்டால் வெளி விட்டம் 631.9 ஆகி, 3.8 சதவீதம் கூடிவிடும். அதே றிம்முக்கு 195/50ஆர்16 எடுத்திருந்தால் 601.4 மில்லிமீற்றருடன் 1.2 சதவீதம் மட்டுமே குறைந்திருக்கும். தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இராது. கியர்பொக்ஸுக்கு அது பெரிய வேறுபாடு.

வெளி விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது ரயர் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. எஞ்சின் 660 சி.சி. ஆக இருந்தாலோ, கியர்பொக்ஸ், பற்களுக்குப் பதிலாகக் கப்பியும் பட்டியும் கொண்ட சி.வி.ரி. வகையாக இருந்தாலோ, அந்த வரம்பை 2 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளுமாறே நான் சொல்வேன். புதிய ரயர் ஒன்றின் பூவின் (தரையைத் தொடும் பரப்பிலுள்ள பள்ளங்களின்) ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் என்றும், அது 1.6 மில்லிமீற்றர் வரை தேய்கிறது என்றும் கொண்டால், தேய்மானத்தால் மட்டுமே விட்டம் 13 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே தேய்ந்த பழைய ரயரை அளந்து புதிய ரயருடன் ஒப்பிட வேண்டாம். புதியதைப் புதியதுடனேயே ஒப்பிடுங்கள். காருக்குரிய மூல அளவு, சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் சிட்டையில் இருக்கும். முன்னைய உரிமையாளர் எதைப் பூட்டியிருந்தார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கணக்குடன் நில்லாமல், இரவலாகக் கிடைத்த ஒரு தொகுதிச் சில்லைப் பூட்டிப் பார்க்க முடிந்தால், முற்றத்துச் சீமெந்துத் தரையிலேயே உண்மையான பரிதியை அளந்துவிடலாம். ரயர்களில் காற்றைச் சிட்டையில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். ஜப்பானியச் சிட்டையில் 240 கிலோபாஸ்கல் என்றிருந்தால் அது 35 பி.எஸ்.ஐ. சாரதி இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, ரயர் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவரிலும் தரையிலும் சோக்கால் ஒரே நேர்கோட்டில் கோடிடுங்கள். காரை மெதுவாகத் தள்ளி, ரயரின் கோடு மூன்றாம் முறை தரைக்கு வரும் இடத்தைக் குறித்து, இடைத்தூரத்தை அளவு நாடாவால் அளந்து மூன்றால் வகுத்தால் ஒரு சுற்றின் தூரம் கிடைக்கும். பாரத்தில் ரயர் சற்று நசிவதால் இது கணக்கில் வரும் பரிதியைவிடச் சில சதவீதம் குறைவாகவே இருக்கும். பழைய சில்லையும் புதிய சில்லையும் இதே முறையில் அளந்து ஒப்பிட்டால் அந்தக் குறை இரண்டிலும் ஒத்திருக்கும்.

ஆரை கூடும்போது என்ன நடக்கிறது

கியர்பொக்ஸும், சில்லுக்கு முந்திய கடைசிப் பற்சக்கரச் சோடியான இறுதிக் கியரும் பெருக்கித் தரும் முறுக்குவிசை, அச்சிலிருந்து ரயரின் ஆரையளவு தூரத்தில் தரையைத் தள்ளுகிறது. கிணற்றில் நீர் இறைக்கும் துலாவில் அச்சுலக்கையிலிருந்து கயிறு கட்டிய நுனி தள்ளிப் போகப் போக, அதே மிதியால் தூக்கக்கூடிய பட்டையின் பாரம் குறைவது போல, ஆரை கூடக்கூடத் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை குறையும்.

வன்னிப் பக்கமும் வடமராட்சி கிழக்குப் பக்கமும் ஓடும் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரொயோட்டா ஹைலக்ஸில் பரவலாக இருக்கும் 265/65ஆர்17 ரயரின் வெளி விட்டம் 776.3 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 285/70ஆர்17 போட்டால் 830.8 மில்லிமீற்றர், 7 சதவீதம் கூடுதல். ஒரு கிலோமீற்றர் ஓட முன்பு 410 தடவை சுழன்ற சில்லு இப்போது 383 தடவை சுழலும். தரையில் கிடைக்கும் தள்ளுவிசை ஒவ்வொரு கியரிலும் ஏறத்தாழ 6.6 சதவீதம் குறைந்துவிடும். இறுதி விகிதம் 4.1 ஆக உள்ள வாகனம் 3.83 விகிதம் உள்ளது போல நடந்துகொள்ளும். முன்பிருந்த இழுவையை அப்படியே மீட்க வேண்டுமானால் இறுதிக் கியருக்கு ஏறத்தாழ 4.39 விகிதமுள்ள கிறவுண், பினியன் பற்சக்கரச் சோடி தேவை. நான்கு சில்லும் இழுக்கும் வாகனமென்றால், ஓர் அச்சின் இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்சியல் முன்னும் பின்னும் இருப்பதால், முன் டிஃபரென்சியலுக்கும் பின் டிஃபரென்சியலுக்கும் ஒரே விகிதத்தில் அது வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், சில்லுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டுகளான டிரைவ் ஷாஃப்டுகள் ஏன் முறிகின்றன என்பது விளங்கும். 2,000 கிலோ எடையுடன் அந்தப் பிக்கப் பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவில் சீரான வேகத்தில் ஏற, சரிவை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 1,950 நியூட்டன் தள்ளுவிசை வேண்டும். மூலச் சில்லில் அதற்கு அச்சில் 758 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை போதும். பெரிய சில்லில் 811 வேண்டும். ஒரே பாரம், ஒரே சரிவு, ஒரே வேகம்; ஆனாலும் ஷாஃப்ட், ஜொயின்ற், கிறவுண் பற்கள், கியர்பொக்ஸ் அனைத்தும் ஒவ்வொரு கணமும் 7 சதவீதம் கூடுதலாக முறுக்கப்படுகின்றன.

மணலிலும் சேற்றிலும் இன்னொன்று சேரும். சாதாரண ரயர் ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் தரையில் வழுக்கிச் சுழன்றுவிடும். அந்த வழுக்கல்தான் ஷாஃப்டையும் பற்களையும் இதுவரை காத்துவந்தது. பிடிப்புக் கூடிய அகன்ற ரயரும் நீண்ட ஆரையும் சேர்ந்து அந்த எல்லையை மேலே தள்ளிவிடுகின்றன. மணற்காட்டுப் பக்கம் புதைந்த வண்டியை முன்னும் பின்னும் மாறி மாறி முறுக்கி எடுக்கும்போது, வழுக்க வேண்டிய இடத்தில் ரயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டால், அடுத்ததாக விட்டுக்கொடுப்பது, ஷாஃப்டின் நுனியில் வளைந்த நிலையிலும் விசையைக் கடத்தும் மூட்டான சி.வி. ஜொயின்றோ பினியன் பல்லோதான். மணலுக்குப் போகிறவர்கள் ரயரைப் பெரிதாக்குவதைவிட, இருக்கும் ரயரில் காற்றைக் குறைத்து மெதுவாக ஓடி, தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்பிக்கொள்வதே நல்லது.

எடையையும் நிறுத்துப் பாருங்கள்

அலோய் என்றாலே எடை குறைந்தது என்ற நம்பிக்கை எங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வார்ப்பில் செய்த 17 அங்குல அலோய் றிம் ஒன்று, 14 அங்குல இரும்பு றிம்மைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். பழைய சில்லு ஒன்றையும் புதிய சில்லு ஒன்றையும் ரயருடன் சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள். மரக்கறிச் சந்தையில் மூடை நிறுக்கும் தராசே இதற்குப் போதும்.

ரயரின் வெளி விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வாகனம் வேகமெடுக்கும்போது எஞ்சினுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ பாரமாகப் படும். வண்டியோடு சேர்ந்து முன்னே நகர்வதுடன், சுழலவும் வேண்டியிருப்பதே காரணம். சில்லுக்கு 4 கிலோ கூடினால் நான்குக்கும் 16 கிலோ. அது முழுவதும் விளிம்பிலேயே இருந்தால் 32 கிலோ ஏற்றியதற்குச் சமம். ஒரு சிறுவன் கூடுதலாக ஏறியதைப் போன்ற இந்த எடை தன்னளவில் பெரிதன்று. ஆனால் அது டிரைவ் ஷாஃப்டின் நுனியில் சுழன்றுகொண்டிருப்பதால், அதன் சடத்துவம் திடீர் அதிர்ச்சிகளின்போது கியர்பொக்ஸை நோக்கித் திரும்பி வருகிறது. கிறவல் வீதியில் சில்லு கிடங்கொன்றில் விழுந்து எழும்போது ஒரு கணம் தரையை விட்டு வேகமாகச் சுழன்று, மறுகணம் தரையைப் பற்றிச் சட்டென்று வேகம் இழக்கும். அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கு ஷாஃப்ட் வழியாக உள்ளே போகும். சடத்துவம், எடையோடும் ஆரையின் வர்க்கத்தோடும் கூடுவது என்பதால், எடையும் விட்டமும் சேர்ந்து ஏறும் சில்லுதான் மிகவும் கெட்டது.

உங்கள் கியர்பொக்ஸ் எந்த வகை?

ஒரே சில்லு எல்லாக் கியர்பொக்ஸுக்கும் ஒரே அளவு கேட்டைத் தருவதில்லை. பூட்டுவதற்கு முன் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கையால் மாற்றும் கியர் என்றால், பாரம் முதலில் விழுவது கிளச் தட்டில். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது எஞ்சினின் வேகமும் சில்லின் வேகமும் ஒன்றாகும்வரை கிளச் உராய்ந்துகொண்டே இருக்கும். சில்லு 7 சதவீதம் பெரிதானால், அதே எஞ்சின் சுழற்சிக்கு வாகனம் எட்ட வேண்டிய வேகமும் 7 சதவீதம் கூடும். சமதரையில் ஒவ்வொரு புறப்பாட்டிலும் கிளச்சில் வெப்பமாகும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அது ஏறத்தாழ 14 சதவீதம் அதிகரிக்கும். ஏற்றத்தில் இதைவிட மோசம். கியர் பற்களுக்குப் பெரிய ஆபத்தில்லை என்றாலும், நான்காம் கியரில் போன இடத்தில் மூன்றுக்கு இறங்கப் பழகிக்கொள்ளாமல், எஞ்சினை அதிரவிட்டு மிதிப்பவர்கள் பெயாரிங்குகளைக் கெடுத்துக்கொள்வார்கள்.

எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் ரோர்க் கன்வேர்ட்டருடன் வரும் பழைய வகை ஓட்டோ கியர், அதிர்ச்சியை எண்ணெயால் தாங்கிக்கொள்வதால் மற்றவற்றைவிடப் பொறுமையானது. அதன் பாதிப்பு வெப்பமாகவே வெளிப்படும். கன்வேர்ட்டர் எண்ணெயை விட்டு நேரடியாகப் பூட்டிக்கொள்ளும் கட்டம் கியர்பொக்ஸின் வெளிச்செல்லும் ஷாஃப்டின் வேகத்தை வைத்தே தீர்மானிக்கப்படுவதால், பெரிய சில்லில் அது முன்பைவிடக் கூடிய வீதி வேகத்தில்தான் நிகழும். அதுவரை எண்ணெய் கலங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் கியர் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஏறி இறங்கித் தடுமாறினால், லீவரைக் கீழ்க் கியரில் நிறுத்தி ஓட்டுங்கள்.

சி.வி.ரி. பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வகன் ஆர் உட்பட எங்களூரில் ஓடும் சிறிய ஜப்பானியக் கார்களில் மிகப் பலவற்றில் இருப்பது இதுதான். இதில் விசையைக் கடத்துவது பற்கள் அல்ல. கூம்பு வடிவத் தட்டுகளைக் கொண்ட இரண்டு கப்பிகளும் அவற்றிடையே இறுகப் பிடிக்கப்பட்ட உருக்குப் பட்டியும். எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறது என்பதைக் கணினி மதிப்பிட்டு, அதற்கு ஏற்ப எண்ணெய் அழுத்தத்தால் தட்டுகளை நெருக்குகிறது. எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் மாற்றத்தை அது முன்கூட்டியே அறியும். சில்லின் பக்கத்திலிருந்து திடீரென்று வரும் அதிர்ச்சியை அவ்வாறு அறிவது கடினம். கனமான சில்லு கிடங்கில் அடிபடும்போதும், மழையில் வழுக்கிய சில்லு மீண்டும் பிடிக்கும்போதும், பட்டி நொடிப்பொழுது சறுக்கினால் கப்பியின் பளபளப்பான முகத்தில் கீறல் விழும். விழுந்த கீறல் ஆறாது. அடுத்தடுத்த சறுக்கல்களுக்கு அதுவே வழியாகும்.

சி.வி.ரி.யின் நிலையை அறிய ஓர் எளிய வழி, ஒயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது. அடியில் உள்ள ஒயில் தட்டைக் கழற்றியதும் அதன் உட்புறத்தில் சிறிய காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் மைபோல் நைந்த சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம்; விரலால் வழித்தால் துகள் எதுவும் தட்டுப்படாது. வெளிச்சத்தில் மின்னும் ஊசித் துகள்களோ, விரலில் குத்தும் தகடுகளோ இருந்தால் பட்டியும் கப்பியும் உண்ணப்படுகின்றன என்று பொருள். அந்தக் காருக்கு மூல அளவை விட்டு ஒரு சதவீதம்கூடப் போகாதீர்கள். போடும் ஒயில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட சி.வி.ரி. ஒயிலாகவே இருக்க வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டியின் பிடிப்பே கெட்டுவிடும்.

இரட்டைக் கிளச் வகை, மலைக்குப் போகிறவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. ஹொண்டா வெசல் ஹைபிரிட் காரின் 7 கியர் பொக்ஸில் இருப்பவை எண்ணெயில் நனையாத உலர் கிளச்சுகள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது கணினியே கிளச்சைப் பாதி பிடித்தும் விட்டும் இயக்குவதால் அவை விரைவில் சூடாகும். அந்தக் காரிலும் 215/60ஆர்16, 215/55ஆர்17 ஆகிய இரண்டு மூல அளவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு 0.6 சதவீதம்தான் என்பதைப் பாருங்கள்.

பிறியஸ், அக்ஸியோ ஹைபிரிட் போன்றவற்றில் சி.வி.ரி. என்ற பெயர் இருந்தாலும் பட்டியும் இல்லை, கப்பியும் இல்லை. கோள் கியர்த் தொகுதியும் இரண்டு மின்மோட்டர்களுமே உள்ளன. ஆகவே பட்டி சறுக்கும் பயம் அவற்றுக்குக் கிடையாது. ஆனால் மோட்டர் மாறா விகிதத்தில் சில்லோடு இணைந்திருப்பதால், பெரிய சில்லில் அது கூடிய மின்னோட்டம் எடுக்கும். பற்றரியும் இன்வேர்ட்டரும் கூடுதலாகச் சூடாகும். பழைய பற்றரியுடன் ஓடும் ஹைபிரிட் காருக்குப் பெரிய சில்லு பூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜொயின்ற், பெயாரிங், டிஃபரென்சியல்

எங்கள் ஊர்க் குச்சொழுங்கைகளில் மதிலுக்கும் வேலிக்கும் இடையே ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பாமல் வீட்டுக்குள் கார் ஏற்ற முடியாது. முன்சில்லு இழுக்கும் காரில் வெளிப்பக்கச் சி.வி. ஜொயின்ற் மிகவும் வருந்துவது அந்த நேரத்தில்தான். யன்னலைத் திறந்து, முழுதாக ஒடித்தபடி மெதுவாக முன்னே நகரும்போது சில்லுப் பக்கத்திலிருந்து சீரான இடைவெளியில் "டக், டக்" என்று ஒலி வந்தால் ஜொயின்ற் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் பெரிய சில்லு பூட்டுவது அதை முறிப்பதற்குச் சமம். ஜொயின்றை மூடியிருக்கும் இறப்பர் உறையில் வெடிப்பும், அதைச் சுற்றிக் கிறீஸ் தெறித்த கறையும் உண்டா என்று முதலில் பாருங்கள்.

சில்லு பெரிதாவதால் மட்டும் ஷாஃப்டின் கோணம் மாறுவதில்லை. ஆனால் பிக்கப் வைத்திருப்பவர்கள் பெரிய ரயர் உராயாதிருக்க வாகனத்தையும் உயர்த்துகிறார்கள். அப்போது முன் ஷாஃப்டுகளும், நீளவாக்கில் ஓடும் ஷாஃப்டின் குறுக்கு ஜொயின்றுகளும் எந்நேரமும் வளைந்த நிலையில் சுழல நேரும். இரண்டையும் ஒருமிக்கச் செய்வதே சீக்கிரத் தேய்மானத்துக்குக் குறுக்குவழி. றிம் வெளியே தள்ளி நிற்க அதன் பின்னால் ஸ்பேசர் என்னும் இடைத்தட்டைப் போடுவது சில்லுப் பெயாரிங்கின் மேல் விழும் நெம்பைக் கூட்டும். தோற்றத்துக்காக மட்டும் அதைச் செய்வதை நான் ஏற்கவில்லை.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தில் நான்கு ரயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். பின்னால் இரண்டு பெரிய ரயர், முன்னால் இரண்டு பழைய ரயர் என்று ஓடினால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று, இரண்டு அச்சையும் இணைக்கும் கப்ளிங் ஓயாமல் உராயும். ஹைலக்ஸ் போன்றவற்றில் தார் வீதியில் நான்கு சில்லு இழுவையைப் போட்டால், அந்த முரண்பாடு உராய்ந்தும் தீர வழியில்லாமல் ஷாஃப்டுகளையே முறுக்கும். மேலதிகச் சில்லையும் இதே அளவில் வாங்குங்கள். பழைய சிறிய சில்லையே மேலதிகமாக வைத்திருந்தால், இழுக்கும் அச்சில் அதைப் பூட்டி நெடுந்தூரம் ஓட வேண்டாம். நேர் வீதியில்கூட டிஃபரென்சியலின் உட்பற்கள் நிற்காமல் சுழன்று சூடேறும். முன்சில்லு இழுக்கும் கார் என்றால் அதைப் பின்னால் பூட்டி, பின்சில்லை முன்னே கொண்டுவாருங்கள்.

மீற்றர் காட்டும் பொய்

வெளி விட்டம் 7 சதவீதம் கூடிய வாகனத்தில் ஸ்பீடோமீற்றரின் காட்டல் அதற்கேற்பப் பின்தங்கும். மூலச் சில்லில் 70 இல் ஓடும்போது காட்டிய அதே இடத்தில் முள் நிற்கையில், உண்மை வேகம் ஏறத்தாழ 75 ஆக இருக்கும். வேகம் அளக்கும் பொலிஸாருக்கு இது சாட்டாகாது. கியர்பொக்ஸுக்கு முக்கியமானது தூரமானி. அது 40,000 என்று காட்டும்போது வாகனம் 42,800 கிலோமீற்றர் ஓடியிருக்கும். கியர் ஒயில் மாற்ற வேண்டிய தவணை அந்த அளவுக்குக் கடந்துவிடும். எரிபொருள் கணக்குப் பார்க்கும்போதும் ஓடிய தூரத்தை 1.07 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குடிக்காத பெற்றோலையும் கார் குடித்ததாகத் தெரியும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பீடோமீற்றர்கள் பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டும். ஆகையால் சில்லு மாற்ற முன்னரே ஒருமுறை ஜி.பி.எஸ். வேகத்துடன் ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். ஆனையிறவின் நேரான வீதியில், பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொல்ல, சீரான 50, 60, 70 இல் எடுத்தால் போதும். மாற்றிய பின் அதே இடத்தில் திரும்ப எடுத்தால் உண்மையான வேறுபாடு தெரிந்துவிடும்.

பூட்டும் நாளில்

ரயர் தாங்கக்கூடிய எடையைக் குறிக்கும் பாரச் சுட்டெண் மூல ரயருக்குக் குறையாதிருக்கட்டும். றிம்மின் நடுத் துளை, சில்லு பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் விளிம்பில் இறுகப் பொருந்த வேண்டும். அக்ஸியோவின் ஹப் 54.1 மில்லிமீற்றர், கடை றிம்மின் துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போடாமல் விடாதீர்கள். இல்லாவிட்டால் வேகத்தில் வரும் அதிர்வு பெயாரிங்கையும் ஜொயின்றையும் தின்னும். நட்டுகளும் றிம்முக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்: ரொயோட்டாவின் சொந்த அலோய் றிம்முக்கு வரும் தட்டை வாசர் நட்டு, கூம்புத் துளை உள்ள கடை றிம்மில் சரியாக அமராது. பூட்டியதும் ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தும், பின் இருக்கையில் மூவரை ஏற்றியும் எங்கேனும் உராய்கிறதா என்று பாருங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும், இறுக்கும் அளவைக் காட்டும் ரோர்க் சாவியால் இறுக்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

ஏற்கெனவே பெரிய சில்லுடன் ஓடுகிறவர்கள் கியர்பொக்ஸ் ஒயில் மாற்றும் தவணையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. மூலச் சில்லுகளை விற்றுவிடாதீர்கள். ரயரில் சற்றுக் காற்றுடன் வெயில் படாத இடத்தில் அடுக்கி வையுங்கள். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ குடும்பமாகப் புறப்படும் முன்னர் ஒரு கராஜில் அவற்றைப் பூட்டிக்கொண்டு போய், திரும்பி வந்தபின் பெரியவற்றை மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பயணத்தில் வாகனம் முன்பைவிட இலகுவாக ஏறினால், வீட்டில் இருக்கும் சில்லு உங்கள் கியர்பொக்ஸிடம் எவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தது என்பது தெரிந்துவிடும். அதன்பின் எதை நிரந்தரமாகப் பூட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.